கரும்பலகையில் அத்தையின் பெயர்

எட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. பள்ளிக்கூடம் போகப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு கையில் சாப்பாட்டுக் கூடையும் மறு கையில் அத்தையின் காபி டம்ளருமாக முன்னறைக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே கன்னியப்பன் அண்ணா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தினி மணிக்கு எடுக்கறீங்க டீச்சர்?" என்றார்.

"எதை அண்ணா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாராம். பிற்பாடு சொன்னார்.

"பெரிம்மாவத்தான். பலகையில எட்டு, பத்து, பன்னண்டுன்னு வரிசையா எய்தி வெச்சிகீறீங்க. எந்த டைம்னு புரியல. அதான் மொத டைமுக்கே வந்துட்டேன்."

உள்ளே அத்தை, காபி தாமதமான கோபத்தில், நன்றாக இருந்த இடது கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டத் தொடங்கியிருந்தார். டங், டங், டங்.

அத்தையும் நானும்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "இத்தனை வாரமாக உங்கள் மாமியாரைக் குறை சொல்லியே எழுதுகிறீர்களே, அவரைக் கடைசிவரை யார் பார்த்துக்கொண்டார்கள்?" நியாயமான கேள்வி. பதில்தான் இந்த வாரம்.

எனக்கும் அத்தைக்கும் ஆகாது. அதை மறைத்து எழுதினால் மேலே எழுதப்போவது எல்லாம் பொய்யாகிவிடும். அத்தை கிருபாவதி, மிஷன் பள்ளி ஒன்றின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருநூறு பெண்களை ஒரு மணியோசையில் எழுப்பியவர், என்னை மட்டும் விட்டுவைப்பாரா? காலையில் எழுந்ததும் என் படுக்கையைத்தான் முதலில் பார்ப்பார். விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். நான் ஏனோதானோவென்று சுருட்டித் திணிப்பேன்.

"நீ கணக்கு டீச்சர்தானே? நாப்பத்தஞ்சு டிகிரின்னா என்னன்னு தெரியாதா?" என்பார்.

அந்த நாற்பத்தைந்து டிகிரிக்காக நாங்கள் நாலைந்து வருடம் சண்டை போட்டிருக்கிறோம். பிடிவாதத்தில் நானும் சளைத்தவள் இல்லை. எனக்கு அந்த மடிப்பு போடத் தெரியும். போட மாட்டேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி அது. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் வீடு கட்டியிருந்தோம். நான் வேலை பார்த்த பள்ளி நடந்து போகும் தூரம். என் கணவர் ஜெயராஜுக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் மனை முன்பு கன்னியப்பன் அண்ணாவின் குடும்பத்து நிலம். எங்கள் படுக்கையறை இருக்கும் இடத்தில் அவர் அப்பா கேழ்வரகு போட்டாராம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, கேம்ப் ரோட்டில் நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஆனாலும் மழை வந்தால் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு அட்வென்ட் ஞாயிறு, கோயிலுக்குக் கிளம்பும்போது அத்தை குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள்

பகலில் இருக்க சரோஜா என்று ஒரு அம்மாளை ஏற்பாடு செய்தோம். தங்கமானவர். ஆனால் ஊசி போல உடம்பு. அத்தையோ நல்ல கனம். சரோஜாவால் சோறு ஊட்ட முடியும், தலைவார முடியும், பேச்சுத் துணைக்கு ஊர்க்கதை சொல்ல முடியும். தனியாளாக அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்க முடியாது. நான் மாலை நாலரைக்குத் திரும்பும்வரை அத்தை மல்லாந்தபடியே கிடப்பார்.

பொங்கலுக்கு மறுநாள் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், தோல் கறுத்து உரிந்து உள்ளே சதை தெரிந்தது. அத்தைக்கு வலித்திருக்க வேண்டும். சொல்ல வாய் இல்லை. சட்டத்தைத் தட்டியிருப்பார். நாங்கள் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்திருப்போம்.

கேம்ப் ரோட்டு டாக்டரம்மா வந்து பார்த்தார். "மருந்து எழுதித் தரேன். ஆனா மருந்து பாதிதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைங்க. இழுக்கக் கூடாது, தூக்கணும். விரிப்புல ஈரமும் சுருக்கமும் இருக்கக் கூடாது. இல்லேன்னா இந்தப் புண்ணே அவங்களை முடிச்சுரும்" என்றார்.

வீட்டில் ஆளே வராமல் இல்லை. அதுதான் வேடிக்கை. நோயாளியைப் பார்க்க வருவது நம் ஊரில் ஒரு கடமை. வராவிட்டால் தப்பாகிவிடும். சாத்துக்குடியும் ரொட்டி பாக்கெட்டுமாக வந்துகொண்டே இருந்தார்கள். சரோஜாவின் பிள்ளைகள் அந்த மாதம் சாத்துக்குடி தின்றே அலுத்துப்போனார்கள். வருகிறவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று "எப்படி இருந்த உடம்பு" என்பார்கள், அத்தைக்குக் காது கேட்காது என்பது போல. பிறகு என்னிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டு, "எதுன்னாலும் கூப்பிடு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கோயிலிலிருந்து ஜெபக் குழுவினர் வருவார்கள். நல்லவர்கள், உருக்கமாக ஜெபிப்பவர்கள். ஒருநாள் ஜெபம் அரைமணியையும் தாண்டிப் போனது. அத்தையின் விரிப்பு நனைந்திருந்தது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். ஆமென் வரும்வரை மாற்ற முடியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தையும் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கோபம் வந்தது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

பெரியத்தானிடம் வாங்கிய கெடு

என் கணவருக்கு ஒரு அண்ணன், பெங்களூரில். அவரைப் பெரியத்தான் என்போம். புண்ணைப் பற்றி எழுதியதும் ஓடி வந்தார். அறை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. வாடை அப்படி இருந்தது.

"ஒரு ஹோம் விசாரிச்சு வெச்சிருக்கேன். சிஸ்டருங்க நடத்தறாங்க. அம்மாவை அங்க சேர்த்துடலாம். நீ வேலையையும் விட முடியாது, இவங்களையும் பார்க்க முடியாது. யார் மேலயும் தப்பு இல்லை" என்றார்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நானே போய் அந்த இல்லத்தைப் பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. சிஸ்டர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள். ஆனால் நீளமான ஒரு கூடத்துக்கு ஒரே ஒரு ஆயா. அந்தப் பெண் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். நின்று மூச்சு வாங்கி நான் பார்க்கவில்லை. கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாள் மல்லாந்து கிடந்தார். நான் அங்கே இருந்த இரண்டரை மணி நேரமும் அவர் மல்லாந்தே கிடந்தார். அங்கே மனசுக்குக் குறைவில்லை. கைதான் போதவில்லை. நம் வீட்டிலும் அதுதானே பிரச்சினை என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

"முழுப் பரீட்சை முடியறவரைக்கும் டைம் குடுங்க அத்தான். அதுக்குள்ள புண் ஆறலேன்னா நானே கூட்டிட்டு வந்து விடறேன்" என்றேன்.

பாசத்தில் சொல்லவில்லை. என் வீட்டில், என் கண் முன்னால், ஒரு மனுஷிக்கு முதுகு அழுகியது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவமானமாக இருந்தது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை

ஆளுக்குப் பஞ்சம் இல்லை, எப்போது வர வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் இதற்கு என்ன செய்வோம்? டைம்டேபிள் போடுவோம்.

பள்ளியில் மூலை உடைந்து கழித்துப் போட்ட சின்னக் கரும்பலகை ஒன்று இருந்தது. தலைமையாசிரியையிடம் கேட்டு எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று வாசல் கேட்டிலேயே கம்பி போட்டுக் கட்டினேன். எங்கள் பள்ளியில் பலகையில் எது எழுதினாலும் மேலே நடுவில் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். கை பழகிப்போனது. சிலுவை போட்டேன். அதன் கீழே கொட்டை எழுத்தில் "திருமதி கிருபாவதி சாமுவேல்". அதற்கும் கீழே: காலை 8, 10, 12. மாலை 2, 4, 6. ஒவ்வொரு மணிக்கும் எதிரே பெயர் எழுத இடம் காலியாக விட்டேன். நாளைக்குத் தெருவில் நாலு வீடு ஏறி, பெயர் கேட்டு நிரப்பலாம் என்று எண்ணம்.

எங்கள் பக்கத்தில் யாராவது காலமாகிவிட்டால் என்ன செய்வார்கள்? கரும்பலகையில் பெயர் எழுதி, எடுக்கும் நேரம் போட்டு, கேம்ப் ரோட்டு முனையில் சாய்த்து வைப்பார்கள். கிறிஸ்தவர்கள் என்றால் மேலே சிலுவை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே முனையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். ஆனாலும் எழுதும்போது கொஞ்சம்கூட உறைக்கவில்லை. படித்தவள் செய்த காரியம்!

கை கழுவிட்டு வாங்க

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

கன்னியப்பன் அண்ணாவுக்கு நான் பதில் சொல்வதற்குள் சரோஜா வேலைக்கு வந்தார். மாலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிலுவை தெரியும். கூடையைக் கீழே போட்டுவிட்டு, "நேத்து சாங்காலம் வரிக்கும் நல்லாத்தானம்மா கீந்த! எங்கைல கஞ்சி வாங்கிக் குட்ச்சியேம்மா!" என்று மாரில் அடித்துக்கொண்டார். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவுகள் திறந்தன. ஜெபக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

டங், டங், டங்.

சத்தம் கேட்டுச் சரோஜாவின் கை மாரிலேயே நின்றுவிட்டது.

"அத்தை காபி கேக்கறாங்க" என்றேன்.

கன்னியப்பன் அண்ணாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அய்யோ டீச்சர், நாக்கப் புடுங்கினு சாவலாம் போல கீது. உசுரோட கீறவங்களுக்குப் போயி மாலைய வாங்கினு வந்துட்டேனே" என்று மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஆள் உயர மாலையை எங்கே மறைப்பது?

அத்தைக்கு வெளியே நடந்தது அத்தனையும் கேட்டிருந்தது. நான் உள்ளே போனபோது அவர் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. வலிப்பு என்று பயந்துபோனேன். வலிப்பு இல்லை. சிரிப்பு. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போக, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அவர் அப்படிச் சிரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு அத்தை இடது கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். எட்டேகால். பக்கம் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

எனக்கு ஒரு வேகம் வந்தது. வாசலுக்கு வந்தேன். ஏழெட்டுப் பேர் கேட்டருகே அசடு வழிய நின்றார்கள்.

"எல்லாரும் பார்க்கத்தானே வந்தீங்க? குழாயடியில கை கழுவிட்டு உள்ள வாங்க" என்றேன்.

"ஆம்பள நான் எப்டி டீச்சர், பெரிம்மாவத் தொடறது?" என்று தயங்கினார் கன்னியப்பன் அண்ணா.

"அவங்களைத் தொட வேண்டாம் அண்ணா. விரிப்பைப் பிடிச்சாப் போதும்."

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முறை அது. அத்தைக்குக் கீழே, தோளிலிருந்து தொடைவரை, இன்னொரு விரிப்பை நாலாக மடித்துப் போட்டிருப்போம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினால், உடம்பு உராயாமல் நகரும். கன்னியப்பன் அண்ணாவுடையது ஏர் பிடித்த கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். அத்தை பூப்போல எழும்பி இடது பக்கம் சாய்ந்தார்.

"இவ்ளோதானா டீச்சர்?" என்றார் அவர்.

"இவ்ளோதான் அண்ணா. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பத்து மணிக்குக் கட பக்கம் வாரப்போ வந்துட்டுப் போறேன். எம்பேரப் போட்டுக்கோங்க" என்றார்.

அன்று காலையிலேயே பலகையின் ஆறு நேரங்களுக்கும் பெயர் நிரம்பியது. ஜெபக் குழுவுக்குப் பன்னிரண்டு மணி. முதலில் திருப்பிப் படுக்க வைப்பது, அப்புறம் ஜெபம் என்று ஒரு விதி வைத்தேன். மாலையை என்ன செய்வது என்று கன்னியப்பன் அண்ணா முழித்தபோது, அத்தை ஜன்னலைக் காட்டினார். அங்கேயே மாட்டச் சொன்னார். மூன்று நாள் அந்த ரோஜா மாலை அறைக்கு வாசனை கொடுத்தது.

பதினாலு கட்டம்

கணக்கு டீச்சருக்கு எதையும் அளந்தால்தான் நம்பிக்கை. ஒவ்வொரு ஞாயிறும் புண்ணைக் கழுவியபின், ஸ்பிரிட்டில் துடைத்த பாலிதீன் தாளை மேலே பிடித்து, பேனாவால் ஓரத்தை வரைவேன். அந்த வடிவத்தை கிராஃப் தாளில் எடுத்துக் கட்டங்களை எண்ணுவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே முறைதான். பாதிக்கு மேல் அடைத்திருந்தால் ஒரு கட்டம், பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு.

முதல் ஞாயிறு பதினாலு கட்டம். அடுத்தது பன்னிரண்டு. பிறகு பதினொன்று. எனக்குக் காலே தரையில் பாவவில்லை. நாலாவது ஞாயிறு எண்ணினேன், பதின்மூன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பதின்மூன்றேதான். புண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். முகப் பவுடர்.

சரோஜாவைப் பிடித்துக் கத்திவிட்டேன். டாக்டரம்மா பவுடர் கூடாது என்று தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

சரோஜா அழுதார். "நாலு பேரு வந்து போற எடம் டீச்சர். நாத்தம் அட்ச்சா அம்மாக்குத்தான அசிங்கம்? அவங்க எவ்ளோ சுத்தமா இருந்தவங்க. அதான் லைட்டா போட்டேன்" என்றார்.

நான் கத்தியது தவறு. அத்தையின் மானத்தைப் பற்றி அந்த அம்மாள் யோசித்த அளவு நான் யோசிக்கவில்லை. நான் கட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சரோஜாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அன்றே, வருகிறவர்கள் சாத்துக்குடிக்குப் பதில் பூ வாங்கி வர வேண்டும் என்று பலகையில் ஒரு வரி சேர்த்தேன். தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து மல்லிகையும் மருவும் வந்தன. சரோஜா அதை ஜன்னலில் கட்டுவார்.

பத்து, எட்டு, ஏழு, ஐந்து என்று கட்டங்கள் இறங்கின. ஆள் வராத நாட்களும் உண்டு. மழை, கல்யாணம், தண்ணீர் லாரி வந்த நேரம். அப்போது சரோஜா கேட்டில் நின்று தெருவில் போகிற யாரையாவது கூப்பிடுவார். முன்பின் தெரியாத ஒரு தபால்காரர்கூட இரண்டு தடவை விரிப்பைப் பிடித்திருக்கிறார். இரவு முறையெல்லாம் நானும் கணவரும்தான்.

கார் வந்த சனிக்கிழமை

முழுப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, பெரியத்தான் வந்தார். அம்பாசடர் கார் ஒன்றை வாடகைக்குப் பேசி, பின் சீட்டில் மெத்தை போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஹோமில் கட்டிலும் சொல்லிவைத்தாயிற்று.

"எப்படி இருக்கு?" என்றார்.

"ரெண்டு கட்டம் அத்தான்."

"அப்போ ஆறலை."

என் கணக்கே என்னை மடக்கிவிட்டது. ஆறினால்தான் என்று வாக்குக் கொடுத்தவள் நான். என் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிற எதிர்வீட்டு அம்மாள் ஒரு கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம் போயிருந்தார். பெரியத்தான் காரின் கதவைத் திறந்து மெத்தையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இத்தனை பேர் தூக்கியது எல்லாம் இந்தக் காரில் ஏற்றத்தானா?

டங், டங், டங். மணி இரண்டு.

"என்ன வேணுமாம்?" என்றார் பெரியத்தான்.

"பக்கம் மாத்தணும். சரோஜாவும் நானும் மட்டும் தூக்கினா இழுபடும், ஒரு ஆள் குறையுது. வாட்சைக் கழட்டி வெச்சிட்டுக் கை கழுவிட்டு வாங்க அத்தான்."

"நானா?"

"நீங்கதான்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அறைக்குள் அவர் முழுதாகக் கால் வைத்தது அன்றுதான். எதிர்ப்பக்கம் சரோஜா நின்றார். நான் முதுகுக்குத் தலையணையோடு தயாராக நின்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் அவர் விரிப்பைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தார். அத்தை முகம் சுளித்தார்.

"இழுக்காதீங்க சார். தூக்கணும். இழுத்தா தோலு பிஞ்சிக்கும்" என்றார் சரோஜா.

இரண்டாம் தடவை தூக்கினார். அத்தை திரும்பினார். அவருக்கு எதிரே அம்மாவின் முதுகு. அந்த முதுகை அவர் அதற்குமுன் எப்போது பார்த்தாரோ தெரியாது. புண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடி எவ்வளவு இருந்தது?"

கிராஃப் தாள்களை எடுத்து வந்து கட்டிலில் வரிசையாக வைத்தேன். வெயில் காலத்தில் சேலையூர் ஏரி சுருங்குவது போல, வாரா வாரம் அந்த வடிவம் சுருங்கியிருந்தது. அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதற்குள் அத்தையின் இடது கை மெத்தையில் எதையோ தேடியது. விரிப்பில் ஒரு சுருக்கம். அவர் இழுத்ததால் விழுந்தது. அத்தை அதைத் தட்டிக் காட்டினார். பெரியத்தான் நீவிவிட்டார். கை விரிப்பின் மூலையைக் காட்டியது. அவர் சுருட்டிச் செருகினார், நான் செருகுவது போலவே. டங் என்று ஒரு தட்டு. மறுபடி செருகினார். மறுபடியும் டங். மூன்றாம் தடவை, சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூலையைச் சாய்வாகத் தூக்கி மடித்து உள்ளே தள்ளினார். கை அமைதியானது.

பெரியத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா போயிட்டாங்கன்னே நெனச்சுட்டேன். உடம்புதான் மிச்சம்னு..." என்றார். கன்னியப்பன் அண்ணா மாலையோடு வந்தார், இவர் காரோடு வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் பட்டது.

கொஞ்சம் தெளிந்ததும் அவரே கேட்டார். "அம்மா, அந்த ஹோமுக்குப் போலாமா?"

அத்தை இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு. விடவே இல்லை.

கார் காலியாகத் திரும்பியது. அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பெரியத்தான் பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்தார். பலகையில் இரண்டு மணிக்கு எதிரே அவர் பெயரை அவரே எழுதினார்.

மறுபடியும் குழாயடி

அத்தை அதற்குப் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார். பேச்சு வரவில்லை. நடக்கவும் இல்லை. தெருவில் டெலிபோன்கள் வந்தன, காலி மனைகள் வீடுகளாயின, பலகையில் பெயர்கள் மாறின. மணிகள் மாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். பெங்களூருக்குப் போன் செய்தோம், பெரியத்தான் கிளம்பினார். குளிப்பாட்டக் கன்னியப்பன் அண்ணாவின் மனைவி கோவிந்தம்மாள் வந்தார். சரோஜாவும் நானும் திருப்பிப் பிடித்தோம். கோவிந்தம்மாள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இன்னா டீச்சர் இது, ஆறேழு வருசமா படுத்துகினு இருந்த ஒடம்பா? மொவத்தாட்டம் கீதே முதுவு."

ஒரே ஒரு பழைய தழும்பு. பாதிக் கட்டம்கூடத் தேறாது. எண்ணிக்கையில் சேராது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்று யாருக்கும் பலகையை அழிக்கத் தோன்றவில்லை. கேட்டில் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வழக்கம்போல் தொங்கியது. பத்து மணிக்குக் கன்னியப்பன் அண்ணா மாலையோடு வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நெஜமாவா டீச்சர்?"

"நிஜம்தான் அண்ணா. உள்ள வாங்க."

மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு, நேரே குழாயடிக்குப் போய், முழங்கைவரை கை கழுவினார்.

பிற்பகலில் பெரியத்தான் வந்து சேர்ந்ததும், பெட்டிக்குள் வைக்க வந்த ஆட்கள் அத்தையின் தோளையும் காலையும் பிடிக்கப் போனார்கள். "இழுக்காதீங்கப்பா. நாங்க தூக்கறோம்" என்று பெரியத்தான் அவர்களை விலக்கினார். அவரும் கன்னியப்பன் அண்ணாவும் ஒரு பக்கம், என் கணவரும் சரோஜாவும் மறுபக்கம் விரிப்பைச் சுருட்டிப் பிடித்தார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னேன்.

பெட்டிக்குள் புது விரிப்பு போட்டிருந்தேன். சுருக்கம் இல்லாமல் நீவி, நாலு மூலையையும் சாய்வாக மடித்துச் செருகியிருந்தேன். நாற்பத்தைந்து டிகிரி. அளந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை.